வீடியோ கன்வெர்ட் செய்வது: எங்கள் கடைக் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பாஸ்போர்ட் போட்டோ, பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என்று கலந்துகட்டி ஓடுகிற சின்னக் கடை எங்களுடையது. "இந்த வீடியோ ஓட மாட்டேங்குது, கொஞ்சம் மாத்திக் கொடுங்கண்ணே" என்று வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மாற்றவே தேவையிருக்காது. இன்னும் சிலர் ஏதோ ஒரு ஆன்லைன் தளத்தில் மாற்றி, வீடியோவைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கவுன்டரில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி... எல்லாமே வீடியோதானே, எதற்கு இத்தனை பேர்?

இதெல்லாம் பாத்திரத்தின் பேர். சாம்பாரைத் தூக்கில் வைத்தாலும் டிபன் கேரியரில் வைத்தாலும் சாம்பார்தான். அதுபோல உள்ளே படம் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும், சத்தம் வேறொரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பேர். படத்துக்கு இப்போது அதிகம் புழங்குவது 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265. இரண்டாவதை எச்இவிசி என்றும் சொல்வார்கள். சத்தத்துக்கு ஏஏசி, எம்பி3, ஏசி3, டிடிஎஸ் என்று பல உண்டு.

பாத்திரங்களில் மூத்தது எம்ஓவி. 1991இல் ஆப்பிள் கொண்டுவந்தது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் ஏவிஐயைக் கொண்டுவந்தது. எம்பி4, எம்ஓவியை அடிப்படையாக வைத்துப் பிறந்தது. அதனால்தான் ஐபோனில் எடுத்த எம்ஓவியை எம்பி4 ஆக்குவது பெரும்பாலும் நொடியில் முடிகிறது. எம்கேவி 2002இல் தொடங்கியது, எதைப் போட்டாலும் கொள்ளும் அண்டா மாதிரி. அந்த ஒரே காரணத்தால் பழைய டிவிகள் அதைப் பார்த்துத் திணறும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கன்வெர்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தூக்கிலிருந்து கேரியருக்கு ஊற்றுவது. ஃபைலைக் காப்பி செய்ய ஆகும் நேரம்தான் ஆகும், தரத்தில் ஒரு துளி குறையாது. இன்னொன்று, படத்தை முழுக்கப் பிரித்து மறுபடி சுருக்குவது. இதற்கு நேரமும் ஆகும், தரமும் கொஞ்சம் போகும். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள். தெரிந்துகொள்வது சுலபம்: விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைப் பாருங்கள். உள்ளே எச்.264-உம் ஏஏசி-யும் இருந்தால், பாத்திரம் மட்டும் மாற்றினால் போதும்.

ஃபைல் பெயரில் கடைசி மூன்று எழுத்தை எம்பி4 என்று திருத்தினால் ஆகாதா?

ஆகாது. மண்ணெண்ணெய் கேனில் நல்லெண்ணெய் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற கதை. சில பிளேயர்கள் ஸ்டிக்கரைப் பார்க்காமல் உள்ளே முகர்ந்து பார்த்து ஓட்டிவிடும், அதைப் பார்த்துவிட்டு "எனக்கு வேலை செஞ்சுதே" என்பார்கள். பல டிவிகள் அப்படி முகராது.

போனில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை. ஏன்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பென்டிரைவில் ஏற்றும்போதே "ஃபைல் பெரிதாக இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் மறுக்கிறது என்றால், தப்பு வீடியோவில் இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது, டிரைவ் 64 ஜிபி என்றாலும் இதே கதைதான். உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துக்கொண்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். உங்கள் டிவி எதை ஏற்கிறது என்று அதன் கையேட்டில் இருக்கும். போன மாதம் ஒரு அக்கா, மகனின் காதுகுத்து வீடியோவை இதற்காகவே மூன்று துண்டாக வெட்டித் தரச் சொன்னார். வெட்டாமல் டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து கொடுத்தேன்.

அடுத்து, படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. படத்தின் கோடெக் டிவிக்குத் தெரியும், சத்தத்தின் கோடெக் தெரியாது என்று பொருள். பெரும்பாலும் அது டிடிஎஸ் ஆக இருக்கும். அதற்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதால் பல டிவிகளில் சேர்ப்பதில்லை. இங்கே படத்தைத் தொடவே கூடாது. சத்தத்தை மட்டும் ஏஏசி அல்லது ஏசி3 ஆக மாற்றினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆன்லைன் தளங்கள் பல, இந்த வித்தியாசம் பார்க்காமல் படத்தையும் சேர்த்துக் கசக்கிவிடும்.

மூன்றாவது, சத்தம் வருகிறது, திரை கறுப்பு. இது பெரும்பாலும் எச்.265 சிக்கல். ஐபோன் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்.265-இல் பதிவு செய்யத் தொடங்கியது, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த வசதி உண்டு. அதே தரத்துக்கு எச்.264-இல் ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதி போதும் என்பதால் போனுக்கு அது லாபம். பழைய டிவிக்குத்தான் புரியாது. இதற்கு மட்டும் நிஜமான கன்வெர்ட் வேண்டும், எச்.264 ஆக்க வேண்டும்.

இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு வழி வேறு: ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று வைத்துவிடுங்கள். இடம் அதிகம் பிடிக்கும். 1080பி வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி ஆவது 130 எம்பி ஆகும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சாமிகள் வரிசையாகக் கடலுக்கு வருவதை ஒரு மணி நேரம் எடுத்தால் 7.8 ஜிபி. போனில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆன்லைன் கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது? ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

உங்கள் ஃபைல் முழுதும் அவர்கள் சர்வருக்கு ஏறுகிறது. அங்கே ஒரு மென்பொருள் அதை மாற்றுகிறது. அது பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக். 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே அதைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம், அது வேறு விஷயம். மாற்றி முடித்ததும் நீங்கள் இறக்கிக்கொள்கிறீர்கள்.

நேரம் போவது பெரும்பாலும் ஏற்றுவதில். நெட் கம்பெனிக்காரர் பெரிதாகச் சொல்லும் வேகம் இறக்கும் வேகம், ஏற்றும் வேகம் பல இணைப்புகளில் அதைவிடக் குறைவு. 4 ஜிபி கல்யாண வீடியோ என்றால், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் கணக்கில், 32,000 மெகாபிட். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 3,200 நொடி, கிட்டத்தட்ட 53 நிமிடம். போன் ஹாட்ஸ்பாட்டில் 2 எம்பிபிஎஸ் தான் கிடைக்கிறது என்றால் நாலரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலில் இருந்து. அப்புறம் இறக்கவும் வேண்டும். அதே வேலையை உங்கள் லேப்டாப்பே அதற்குள் முடித்திருக்கும்.

என் கணக்கு இது: சின்ன ஃபைல், அவசரம், கையில் போன் மட்டும், வீடியோவில் ரகசியம் எதுவுமில்லை என்றால் ஆன்லைன். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில்.

அப்படியென்றால் எந்தத் தளத்தை நம்பலாம்?

ஒரு பெயரைச் சொன்னால் ஆறு மாதத்தில் அதன் விதிமுறை மாறியிருக்கும். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு தளத்தைத் திறந்ததும் "டவுன்லோடு" என்று நாலு பட்டன் கண்ணைப் பறித்தால் மூன்று விளம்பரம். "நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அனுமதித்தால் மறுநாள் முதல் "உங்கள் போனில் வைரஸ்" என்று பயமுறுத்தும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் கேட்டது எம்பி4, வந்திறங்கியது இஎக்ஸ்இ அல்லது ஜிப் அல்லது ஏபிகே என்றால் திறக்கவே திறக்காதீர்கள், அழித்துவிடுங்கள். "எங்கள் மென்பொருளை நிறுவினால்தான் இறக்க முடியும்" என்று சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ, அதன் டென்வர் அலுவலகம் மூலமாக இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. இலவச ஃபைல் கன்வெர்ட்டர் என்ற பெயரில் இயங்கும் சில தளங்கள், கேட்ட வேலையைச் செய்துகொடுத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தீய நிரலையும் நுழைக்கின்றன, ஏற்றிய ஃபைலில் இருக்கும் தனிப்பட்ட விவரங்களையும் உருவுகின்றன என்றது. கேட்ட வேலையைச் செய்துகொடுப்பதால் நமக்குச் சந்தேகமே வராது, அதுதான் சூட்சுமம்.

இன்னொரு வகைத் தளம் உண்டு. ஃபைலை எங்கேயும் ஏற்றாமல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே மாற்றிக்கொடுக்கும். வெப்அசெம்பிளி என்ற தொழில்நுட்பத்தால் எஃப்எஃப்எம்பெக்கையே பிரவுசரில் ஓட்டுகிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா என்று சோதிக்க எளிய வழி: பக்கம் முழுதாகத் திறந்து ஒரு சின்ன ஃபைலை மாற்றிப் பாருங்கள். பிறகு நெட்டை அணைத்துவிட்டு இன்னொரு ஃபைலைக் கொடுங்கள். அப்போதும் மாற்றினால், வீடியோ வெளியே போகவில்லை. ஆனால் பெரிய ஃபைலுக்கு இது தாங்காது, 2 ஜிபி அளவிலேயே மூச்சு வாங்கும்.

எங்கள் வீட்டு வீடியோவை ஏற்றினால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஒன்றும் ஆகாமலும் போகலாம். "24 மணி நேரத்தில் அழித்துவிடுவோம்" என்று எழுதியிருப்பார்கள், அழிக்கவும் செய்யலாம். ஆனால் அழித்தார்களா என்று உங்களால் போய்ப் பார்க்க முடியாது. அதனால் குழந்தையைக் குளிப்பாட்டும் வீடியோ, வீட்டுப் பெண்கள் இருக்கும் வீடியோ, கடை சிசிடிவி, ஆதார் காட்டிப் பேசிய வீடியோ, வழக்கு சம்பந்தப்பட்டது எதையும் ஏற்ற வேண்டாம் என்பேன். சிசிடிவிக்கு இன்னொரு காரணமும் உண்டு: போலீசுக்கோ கோர்ட்டுக்கோ கொடுப்பதாக இருந்தால் ரெக்கார்டரிலிருந்து வந்த மூல ஃபைல் கைபடாமல் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு நகல் மாற்றிக்கொள்ளலாம், மூலத்தைத் தொடக்கூடாது.

கடையில் கொடுப்பதும் ஒருவகையில் ஏற்றுவது போலத்தானே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எங்கள் கடையில் வேலையை உங்கள் கண் முன்னாலேயே செய்து, முடிந்ததும் உங்களையே அழிக்கச் சொல்கிறோம்.

கன்வெர்ட் செய்தால் தரம் குறையுமா?

பாத்திரம் மட்டும் மாற்றினால் குறையாது. மறுபடி சுருக்கினால் குறையும். முதுநகர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரே வரியில் புரியும்: மீனைக் காயவைத்தால் கருவாடு, கருவாட்டை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறவைத்தாலும் மீன் துள்ளாது. ஒருமுறை சுருக்கும்போது போன நுணுக்கம் போனதுதான். அதை மறுபடி மறுபடி சுருக்கினால் முகத்தில் கட்டம் கட்டமாக விழும், பட்டுப்புடவை ஜரிகை சேறு மாதிரி ஆகும்.

அதனால் எப்போதும் மூலத்திலிருந்தே மாற்றுங்கள். கன்வெர்ட் ஆனதை மறுபடி கன்வெர்ட் செய்யாதீர்கள்.

பழைய வீடியோவை "எச்டி ஆக்கித் தாங்க" என்றால் செய்வீர்களா?

டிவிடியில் இருக்கும் படம் 720-க்கு 576 புள்ளி. அதை 1920-க்கு 1080 ஆக இழுத்தால் ஃபைல் பெரிதாகும், படம் தெளிவாகாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வைத்துக் கூர்மையாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை இல்லாத நுணுக்கத்தை ஊகித்து வரைகின்றன. பாட்டி முகம் பளபளவென்று வரும், ஆனால் அது பாட்டி மாதிரி இருக்காது. எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்தால், மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு செய்துபாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைத் தெளிவாக்க முடியுமா?

முடியாது. அனுப்பும்போதே கசக்கித்தான் அனுப்புகிறது. எடுத்தவரிடமே திரும்பக் கேளுங்கள், "டாக்குமெண்டா அனுப்பு" என்று சொல்லுங்கள். டாக்குமெண்ட் என்று அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். 2022 முதல் 2 ஜிபி வரை அப்படி அனுப்ப வழி இருக்கிறது.

எந்த செட்டிங் வைத்தால் எல்லா இடத்திலும் ஓடும்?

எம்பி4 பாத்திரம், படத்துக்கு எச்.264, சத்தத்துக்கு ஏஏசி. இந்த மூன்றும் இருந்தால் போன், லேப்டாப், டிவி, பஸ்ஸில் மாட்டியிருக்கும் பிளேயர் வரை பெரும்பாலும் ஓடிவிடும். ஃபிரேம் எண்ணிக்கையை இருப்பது இருக்கிறபடியே விடுங்கள். 25 ஃபிரேமை 30 ஆக்கினால் ஊர்வலத்தில் நடப்பவர்கள் திக்கித் திக்கி நடப்பார்கள்.

கம்ப்யூட்டரில் மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். அதில் தரத்துக்கு ஆர்எஃப் என்று ஓர் எண் இருக்கும், எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைல் பெருக்கும். 1080பி வீடியோவுக்கு நான் 21 வைப்பேன், டிவிடிக்கு 19. 18-க்குக் கீழே போனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டிஸ்க் நிரம்புவது மட்டும் தெரியும். ஹேண்ட்பிரேக் எப்போதுமே படத்தை மறுபடி சுருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பாத்திரம் மட்டும் மாற்ற ஆவிடெமக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை எடுங்கள். வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் "காப்பி" என்று வைத்து, கீழே எம்பி4 மக்ஸர் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது.

கல்யாண டிவிடி கெட்டுப்போவதற்குள் மாற்ற வேண்டும். ஆன்லைனில் முடியுமா?

முயற்சி செய்து நொந்துபோனவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிவிடி காலத்தில் அங்கே தாலி கட்டியவர்கள் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும் இரண்டு டிஸ்க் இருக்கும். அதில் ஒரு ஜோடி, பதினைந்து வருடம் கழித்துப் பிள்ளைகளுக்குக் காட்ட டிஸ்க்கைத் தேடி எடுத்து, உள்ளே இருந்த விஓபி ஃபைல்களில் ஒன்றை ஒரு தளத்தில் ஏற்றி மாற்றியிருக்கிறார்கள். வந்தது மாப்பிள்ளை அழைப்பின் நடுவில் தொடங்கி, ஊஞ்சலில் உட்காரப் போகும்போது முடிகிறது. "தாலி கட்டுறதே காணோம் சார்" என்றார் அந்த அம்மா. அது அடுத்த விஓபியில் இருந்தது.

டிவிடி எழுதும்போது ஒரே வீடியோவை 1 ஜிபிக்கு மிகாத விஓபிகளாகத் துண்டு போட்டு வைக்கும். துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால் ஒட்டுமிடத்தில் படம் துள்ளும், சத்தம் விடும். வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, அந்த ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறக்க வேண்டும். அது தலைப்பு வாரியாகக் காட்டும். நீளமானது எதுவோ அதுதான் கல்யாணம்.

அடுத்து ஒரு நுணுக்கம். அந்தக் கால கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாக எடுத்தது. டியூப் டிவியில் தெரியவில்லை. இப்போதைய திரையில், கை அசையும்போது விரல் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டால் சரியாகும். ஆன்லைன் தளங்கள் பலவற்றில் இந்த வசதியே இருக்காது, சீப்புப் பல்லை அப்படியே நிரந்தரமாக்கிவிடும். அப்புறம் எடுக்கவே முடியாது.

டிஸ்க் படிக்கவில்லையா? ஈரமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். சில டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எங்கள் கடையில் மூன்று பழைய டிரைவ் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

வீடியோ கேசட், ஹேண்டிகேம் கேசட்?

இவற்றை எந்தத் தளத்திலும் ஏற்ற முடியாது, ஏனென்றால் இன்னும் ஃபைலே இல்லை. கேசட்டை ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம், குறுக்குவழி கிடையாது. மினிடிவி என்ற சின்னக் கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாக இருக்கிறது. ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் ஒரு துளி குறையாமல் வரும், மணிக்கு 13 ஜிபி ஆகும்.

கடற்கரை ஊர் என்பதால் கேசட்டில் பூஞ்சணம் பிடிப்பது இங்கே சகஜம். கேசட் சன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். 2011 டிசம்பரில் தானே புயலில் நனைந்த கேசட்டுகளை இப்போதும் கொண்டுவருகிறார்கள். சிலது தேறும், பலது டேப் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும்.

புதுச்சேரியிலிருந்து வருபவர்களிடம் வேறு ஒரு சிக்கல். பிரான்சிலிருக்கும் சித்தப்பா, மாமா வீட்டில் டிவியிலிருந்து பதிவு செய்த கேசட்டைக் கொண்டுவருவார்கள். நம் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒருவர் தூக்கிப்போடவே இருந்தார். கெடவில்லை. பிரான்சில் 1967இல் தொடங்கிய கலர் ஒளிபரப்பு செகாம் என்ற முறையில் இருந்தது. நமக்கு 1982இல் கலர் வந்தபோது பால் என்ற வேறு முறை. கோடுகள் இரண்டுக்கும் 625தான், அதனால் படம் தெரிகிறது. கலரைச் சொல்லும் விதம் வேறு, அதனால் கலர் மட்டும் வரவில்லை. செகாம் படிக்கும் டெக்கில் ஓட்டினால் அந்த நிகழ்ச்சியில் வரும் ரோஜா சிவப்பாகவே வரும். வந்தது, நான் பார்த்தேன். ஃபைலாக மாறிவிட்ட பிறகு பால், செகாம் என்ற பிரச்சினையே கிடையாது.

விண்ணப்பத்துக்கு வீடியோ "20 எம்பிக்குள்" இருக்க வேண்டுமாம். எப்படிக் குறைப்பது?

கணக்குப் போட்டுச் செய்தால் ஒரே தடவையில் முடியும். 20 எம்பி என்றால் 160 மெகாபிட், அதாவது 1,60,000 கிலோபிட். வீடியோ 3 நிமிடம், 180 நொடி. வகுத்தால் நொடிக்கு 888 கிலோபிட். சத்தத்துக்கு 96 ஒதுக்கி, கொஞ்சம் இடம் விட்டு, படத்துக்கு 750 என்று கொடுங்கள். இவ்வளவு குறைவில் 1080பி வைத்தால் கட்டம் விழும், 480பி ஆக்கினால் முகம் தெளிவாக இருக்கும். பேசுகிற வீடியோவுக்கு இது தாராளம். ஓடியாடும் கபடி வீடியோ என்றால் நீளத்தைக் குறைப்பதுதான் வழி.

இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு ஆன்லைன் தளம் சரியான இடம். பல தளங்களில் "இத்தனை எம்பிக்குள்" என்று நேராகவே கேட்டு முடித்துவிடும்.

வீடியோவிலிருந்து சத்தம் மட்டும் வேண்டும்.

விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் போனில் எடுத்துவிட்டு, வண்டியில் போகும்போது கேட்க வேண்டும் என்பார்கள். எல்லாரும் எம்பி3 கேட்பார்கள். உள்ளே இருப்பது ஏஏசி என்றால் அதை அப்படியே எம்4ஏ பாத்திரத்தில் எடுத்துவிடலாம், முகவீணையின் கூர்மை குறையாது, நேரமும் ஆகாது. காரில் இருப்பது பழைய பிளேயர், எம்பி3 தவிர எதுவும் ஓடாது என்றால் எம்பி3, 192 கிலோபிட்.

மாற்றிய பிறகு வாய் அசைவது முன்னே, பேச்சு பின்னே வருகிறது.

போன் கேமரா நொடிக்குச் சரியாக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 24, சூடானால் 27 என்று இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். சில கன்வெர்ட்டர்களும் எடிட்டிங் மென்பொருள்களும் எல்லாம் 30 என்றே கணக்கு வைத்துக்கொள்ளும். முதல் நிமிடத்தில் தெரியாது, அரை மணி நேரத்தில் நன்றாகவே தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ஃபிரேம் ரேட்டுக்குப் பக்கத்தில் "கான்ஸ்டன்ட்" என்று வைத்து மாற்றினால் சரியாகும். தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளியிருக்கிறது என்றால் அது வேறு நோய்: விஎல்சியில் ஜே, கே விசைகளைத் தட்டி எவ்வளவு தள்ள வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவை ஆவிடெமக்ஸில் கொடுக்கலாம்.

யூடியூப் வீடியோவை இறக்கி எம்பி4 ஆக்கித் தருவீர்களா?

மாட்டோம். தளம் கொடுக்கும் வழியில்லாமல் இறக்குவது அவர்கள் விதிக்கு மாறானது, அடுத்தவர் உழைப்பு என்றால் பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. நீங்களே ஏற்றிய வீடியோ என்றால் யூடியூப் ஸ்டுடியோவில் உள்ளே போய் இறக்கிக்கொள்ளலாம். வருவது சுருக்கப்பட்ட பிரதிதான்.

மாற்றி முடித்ததும் பழைய ஃபைலை அழித்துவிடலாமா?

என் தங்கை வளைகாப்புக்கு நான்தான் வீடியோ எடுத்தேன். ராத்திரி கன்வெர்ட் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் ஃபைல் இருந்தது, அளவும் சரியாக இருந்தது, முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. அன்றைக்கே வேறொரு விசேஷம் எடுக்க வேண்டியிருந்ததால் மெமரி கார்டை ஃபார்மட் செய்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தபோது, 34-ஆவது நிமிடத்துக்குப் பிறகு சத்தம் இல்லை. படம் ஓடுகிறது, அத்தைமார்கள் வாயசைத்துப் பாடுகிறார்கள், வளையல் குலுங்குகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அதில் பாடிய பெரியம்மா இப்போது இல்லை.

கார்டை மீட்க முயன்றேன். மேலே புது வீடியோ எழுதப்பட்டுவிட்டதால் கிடைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. மாற்றியதை முதலில், நடுவில், கடைசி ஐந்து நிமிடத்தில் என்று மூன்று இடத்தில் சத்தத்தோடு ஓட்டிப் பார்க்கிறேன். மொத்த நீளம் மூலத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். வாடிக்கையாளரிடம் பென்டிரைவைக் கொடுக்கும்போது, "வீட்டு டிவியில் முழுசா ஒருதரம் ஓட்டிப் பாருங்க, அதுவரைக்கும் கார்டைத் தொடாதீங்க" என்று உறைமேல் பேனாவால் எழுதியும் கொடுக்கிறேன். மூல ஃபைலை ஒரு ஹார்டு டிஸ்க்கிலும், வேறொருவர் வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் அடுத்த புயலுக்கு இரண்டும் சேர்ந்தே நனையும்.